ஹாஜறா சும்மா கேட்டது

நிந்தவூர்
1980 மார்ச் 9

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்க எல்லாரும் நல்ல சுகம். நீங்களும் அப்படியே இருக்கோணும் எண்டு ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் துஆக் கேக்கிறன்.

நீங்க சவூதிக்குப் போய் ஒரு வெள்ளாமை முடிஞ்சிட்டு. வாப்பாட வயலுக்கு இந்தமுறை அக்கரைப்பற்றில இருந்துதான் டிரக்டர் பிடிச்சாங்க. வந்த டிறைவர் வரம்பை உடைச்சுப்போட்டான் எண்டு வாப்பா இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறார். "என்ட மருமகன் ஓட்டினா வரம்பில ஒரு புல்லுக்கூடச் சாயாது" எண்டு சந்தையில நிண்டு சொன்னாராம். நீங்க இங்க இருந்து அவர்ட வயலை உழுத காலத்தில ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல.

மகள் சுபைதாவுக்குக் கொப்பளிப்பான் வந்து, மேலெல்லாம் போட்ட கொப்புளம் மாறிட்டு. பள்ளிக்குப் போறாள். றுகையா மச்சிதான் இந்த வருசம் அவளுக்கு வகுப்பு ரீச்சர். முந்தி மாதிரியே நூலகத்தில எனக்கும் புத்தகம் எடுத்துத் தாறா.

இனிச் சொல்லப்போறதுக்கு நீங்க சிரிப்பீங்க. நேத்து உலையில அரிசியைப் போட்டிட்டு அடுப்படியில குந்திக்கொண்டிருந்தன். மாமி வந்து, "என்ன புள்ள செய்யிறாய்?" எண்டு கேட்டா. "ஒண்டும் செய்யல்ல மாமி, சோறு வேகட்டும் எண்டு பாத்திட்டிருக்கன்" எண்டன். சொன்ன பிறகு எனக்கே யோசனையாப் போச்சு. சோத்தை வேக வைக்கிறது நெருப்பு. நான் காத்திருக்கிறன், அவ்வளவுதான். ஆனா நான் எழும்பிப் போனா சோறு அடிப்பிடிச்சிரும். அப்ப நான் குந்தியிருக்கிறதாலயும் ஏதோ ஒண்டு நடக்குது. காத்திருக்கிறதும் ஒரு வேலையா, மச்சான்? நீங்க அங்க உழைக்கிறீங்க எண்டு ஊரெல்லாம் சொல்லுது. நான் இங்க உங்களுக்காகக் காத்திருக்கிறன். அதையும் ஒரு தொழில் எண்டு எடுத்துக்கொண்டா, அந்தத் தொழிலுக்கு எசமான் ஆரு?

றுகையா தாற புத்தகங்கள்ல இப்படித்தான் ஒரு கேள்வியைப் பிடிச்சிட்டுப் பக்கம் பக்கமாப் போவாங்க. கடைசியில முடிவு சொல்லாம விட்டிருவாங்க. முந்தி எனக்கு அது கோவம் வரும். இப்ப அப்படி விடுறதுதான் பிடிச்சிருக்கு.

உங்கட
ஹாஜறா

*

ஜுபைல்
1980 ஏப்ரல் 4

ஹாஜறாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைச்சுது. நான் சுகம். தண்ணி பவுசர்தான் ஓட்டுறன். கிணத்தடியில வரிசையில நிண்டு நிரப்பி, வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் ஊத்திப்போட்டு, மறுகா வந்து வரிசையில நிக்கிற. வெயில் இன்னும் தொடங்கல்ல எண்டு பழைய ஆக்கள் சொல்லுறாங்க. இதுக்கே தோல் உரியிது.

உன்ட கடிதம் நாலு பக்கம். கூரைக்கு ஓடு வந்துதா எண்டு அதுல ஒரு வரி இல்ல. பின்சுவர் என்ன மட்டத்தில நிக்குது? மேசன் வாறானா? மகளுக்கு ஒரு கல்வீடு வேணும் எண்டுதான் நான் இந்த மணலுக்குள்ள வந்து கிடக்கிறன். நீ என்னடா எண்டா சோறு வேகிறதைப் பத்தி எழுதியிருக்கிறாய்.

உம்மாவும் ஆளைப் பிடிச்சு ஒரு கடிதம் எழுதுவிச்சிருக்கிறா. நீ புத்தகத்தில முகத்தைப் புதைச்சுக்கொண்டிருக்கக் கேத்தல் தண்ணி வத்திக் கருகிட்டாம். உண்மையா? புத்தகம் படிச்சு யோசிச்சு யோசிச்சு ஆருக்கு என்ன கிடைச்சுது, புள்ள? எனக்கு அரை எழுத்துத்தான் தெரியும். ஆனா டிரக்டர் பழுதானா எனக்குத் திருத்தத் தெரியும். அதுதான் இந்தக் காலத்துக்கு உதவுற படிப்பு.

அறையில என்னோட ரெண்டு பேர். சாய்ந்தமருது மசூர், பெரிய வாய்க்காரன். மத்தவர் சொறிக்கல்முனைச் சின்னப்போடி அண்ணன். வாயே திறக்காத மனிசன். "ஊர்ல என்ன புதினம்?" எண்டு மசூர் கேட்டான். நீ கேட்ட கேள்வியைச் சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சான்.

அடுத்த கடிதத்தில வீட்டு விசயத்தை எழுது.

ஆதம்பாவா

*

நிந்தவூர்
1980 மே 2

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஓடு வந்திட்டு. கொஞ்சம் உடைஞ்சிருந்திச்சு. மேசன் வாறான். பின்சுவர் இடுப்பளவுக்கு நிக்குது. சுபைதாவுக்குச் சுகம். மாமிக்குச் சுகம். புதுக் கேத்தல் வாங்கியாச்சு.

வேற விசேசம் இல்ல.

ஹாஜறா

*

ஜுபைல்
1980 ஜூன் 6

அன்பான ஹாஜறாவுக்கு,

கோவிச்சுக்கொண்டாய் எண்டு விளங்குது. உன்ட கடிதத்தைப் பிரிச்சன், முடிஞ்சிட்டு. கவரைக் கிழிச்ச நேரம்கூட வாசிக்க எடுக்கல்ல.

ஒரு விசயம் சொல்லோணும். மசூர் அண்டைக்குச் சிரிச்சான் எண்டு எழுதினன்தானே. அதோட முடியல்ல. அடுத்த நாள் கிணத்தடியில பவுசர் வரிசையில நிக்கக்குள்ள அவனே வந்து சொன்னான்: "ஆதம்பாவா, இந்தா நாம நிக்கிறம். இந்த நேரத்துக்குக் கொம்பனி சம்பளம் தாறல்ல. சம்பளம் இல்லாதது வேலை இல்ல. உன்ட மனிசிக்கு எழுதிவிடு." நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் விடல்லியே. "அப்ப உன்ட பொண்டாட்டி ஊர்ல சோறாக்கிறதுக்கு ஆரு சம்பளம் கொடுக்கிறது?" எண்டு கேட்டன். மூஞ்சி சுருங்கிட்டு.

பின்னேரம் அறையில அதே கதை. அப்பதான் சின்னப்போடி அண்ணன் வாயைத் திறந்தார். வந்து இவ்வளவு நாளா "ஓம்", "இல்ல" எண்டதுக்கு மேல கதைக்காத மனிசன். "டேய், வயல் காவலுக்குப் பரணில இருக்கிறவன் என்ன செய்யிறான்? காட்டுப்பண்டி வராட்டி ஒண்டும் செய்யிறல்ல. விடிய விடிய முழிச்சிருக்கிறான், அவ்வளவுதான். அறுப்பில அவனுக்குப் பங்கு கொடுக்கிறல்லியா?" எண்டு கேட்டார். அதுக்குப் பிறகு சின்னப்போடி அண்ணன் தான் குத்தகைக்குச் செஞ்ச வயலைப் பத்தி, மனிசி அன்னப்பிள்ளையைப் பத்தி, யானை வந்த கதையெல்லாம் சொன்னார். அந்த ஆளுக்குள்ள இவ்வளவு கதை கிடந்துது எண்டு எங்களுக்குத் தெரியாது.

இப்ப ரெண்டு பேரும் என்னைக் கேக்கிறாங்க, அந்தப் பிள்ளை மறுகா என்ன எழுதினது எண்டு. புதுக் கேத்தல் வாங்கியாச்சாம் எண்டு சொல்லவா?

காத்திருக்கிறதைப் பத்தி நீ என்ன முடிவுக்கு வந்தாய்? வீட்டு விசயத்தை முதல்ல எழுதிப்போட்டு அதையும் எழுது.

ஆதம்பாவா

*

நிந்தவூர்
1980 ஜூலை 5

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு வரப்போகுது. வீடு வாசல் கழுவி முடிச்சிட்டன். பின்சுவர் நெஞ்சளவுக்கு வந்து நிக்குது. மேசன் நோன்புக்கு வேலை செய்யமாட்டானாம். வீட்டு விசயம் முடிஞ்சிட்டு.

நான் ஒரு முடிவுக்கும் வரல்ல. சின்னப்போடி அண்ணன் சொன்னது எனக்குப் பிடிச்சுது. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. பரணில இருக்கிறவன் பண்டி வரக்கூடாது எண்டு காத்திருக்கிறான். நான் நீங்க வரோணும் எண்டு காத்திருக்கிறன். வராம இருக்கிறதுக்குக் காத்திருக்கிறவனுக்குப் பங்கு கிடைக்குது. வாறதுக்குக் காத்திருக்கிறவளுக்குத்தான் ஒண்டும் இல்ல. இதை அவர்கிட்டச் சொல்லுங்க. என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்.

உங்கட தலையணையை நான் இன்னும் எடுத்து வைக்கல்ல. அது கிடந்த இடத்திலதான் கிடக்குது. இது கேள்வி இல்ல.

இன்னொண்டு. சோத்தில "போதும்" எண்டு வயிறு சொல்லுது. தண்ணியில தொண்டை சொல்லுது. வீடு கட்டக்குள்ள ஆரு சொல்லுற? பக்கத்து வீடா? என்ட கூடப்பிறந்த காக்கா தன்ட வீட்டுக்குச் சிவப்புச் சீமெந்துத் தரை போட்டிருக்கிறார். போய்ப் பாத்திட்டு வந்த நேரத்தில இருந்து எங்கட தரை எனக்குப் பழசாத் தெரியிது. நேத்து வரைக்கும் அது நல்ல தரை. தரை மாறல்ல. அப்ப மாறினது எது?

உங்கட
ஹாஜறா

*

ஜுபைல்
1980 செப்டம்பர் 12

அன்பான ஹாஜறாவுக்கு,

பெருநாளைக்கு நாங்க மூணு பேரும் ஆட்டிறைச்சி ஆக்கித் திண்டம். சின்னப்போடி அண்ணன்தான் ஆக்கினார். எனக்கும் மசூருக்கும் பெருநாள், வேலை செஞ்சது அவர்.

உன்ட "போதும்" இந்த அறையைப் பிடிச்சு ஆட்டிட்டு. மவுத்து வரக்குள்ள, உசிரை எடுக்க வாற மலக்கு போதும் எண்டு சொல்லுவார், அது வரைக்கும் உழைக்கத்தான் வேணும் எண்டு மசூர் சொல்லுறான். சின்னப்போடி அண்ணன் வேற ஒண்டு சொன்னார். "போதும் எண்டு சொல்லச் சொந்த வயல் இருக்கோணும், தம்பி. குத்தகைக்காரன் போதும் எண்டு சொன்னா வயலுக்குச் சொந்தக்காரப் போடியாருக்குத்தான் லாபம்." அதுக்குப் பதில் சொல்ல உன்னால ஏலுமா?

ஒண்டு சொல்லுறன், சிரிக்காத. முந்தி வெள்ளிக்கிழமையில ஜும்ஆ முடிஞ்சு வந்தா ஆளுக்கொரு கட்டிலில சுவரைப் பாத்துக்கொண்டு கிடப்பம். ரேடியோவில பட்டரி இருந்தாப் பாட்டு, இல்லாட்டி நித்திரை. இப்ப அடுத்த அறைக்காரனும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாறான். ஒரு வேலைக்கும் உதவாத கதைதான். ஆனா கதைச்சு முடிஞ்ச பிறகு சாப்பாடு ருசிக்குது. என்னத்துக்கு எண்டு எனக்குத் தெரியாது.

மசூர் தை மாசம் லீவில ஊருக்கு வாறான். உனக்கும் மகளுக்கும் துணி கொடுத்து விடுறன்.

ஆதம்பாவா

*

நிந்தவூர்
1981 பெப்ரவரி 15

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். மசூர் காக்கா கொண்டுவந்த துணி கிடைச்சுது.

போன கிழமை சாய்ந்தமருதில ஒரு கலியாண வீட்டுக்குப் போனன். பொம்புளைகள் நிறைஞ்சிருந்தாங்க. மசூர் காக்காட மனிசி நாச்சியா என்னைக் கண்டிட்டு எழும்பி வந்தா. "நீங்கதானா அந்தக் கடிதக்காரி? இவர் வெள்ளிக்கிழமை வாறதையே பாத்திட்டிருப்பாராம், உங்கட கடிதம் வாசிக்கிறதைக் கேக்க" எண்டா. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. மறுகா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "இப்பவாவது அந்தத் தலையணையை எடுத்து வெச்சிட்டீங்களா?" எண்டு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. அவ கெட்ட எண்ணத்தில கேக்கல்ல, பகிடியாத்தான் கேட்டா. நான் சாப்பிடாம எழும்பி வந்திட்டன்.

நான் எழுதினதை நீங்க வாயாலதான் சொல்லுறீங்க எண்டு நினைச்சிட்டிருந்தன். கடிதத்தையே வாசிக்கிறீங்களா? அது உங்களுக்கு எழுதினது. ஆம்புளைகள் இருக்கிற அறைக்கு நான் எழுதல்ல.

கதை காக்காட காதுக்கும் போயிட்டு. அப்துல் ஸமட் காக்கா கத்தினா எப்படி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். "மாப்பிள வெயில்ல காயிறான், நீ இங்க இருந்து கொண்டு ஆம்புளைகளுக்கு வேதாந்தம் எழுதுறாய்" எண்டார். றுகையாவைக் கூப்பிட்டு, இனி இந்த வீட்டுக்குப் புத்தகம் கொண்டு வராதே எண்டு சொல்லிட்டார். றுகையா என்ட முகத்தைப் பாத்தா. நான் ஒண்டும் சொல்லல்ல. அதுதான் எனக்குக் கூட வலிக்குது.

இனி வீட்டு விசயத்தைச் சுபைதா எழுதுவாள். எழுத்துப் பழகினதாகவும் இருக்கும்.

ஹாஜறா

*

ஜுபைல்
1981 மார்ச் 20

ஹாஜறா,

தலையணை வரியை நான் வாசிக்கல்ல. அல்லாஹ் அறிய வாசிக்கல்ல. நான் தொழுகைக்கு ஒளு எடுக்கப் போன நேரம் கடிதம் கட்டிலில கிடந்திருக்கு. மசூர் எடுத்துப் பாத்திருக்கிறான். லீவு முடிஞ்சு வந்த அண்டே அவனைப் பிடிச்சுக் கேட்டன். தலையைக் குனிஞ்சிட்டு நிண்டான். ஆனா அவனை ஏசி என்ன? வாசிக்கத் தொடங்கினது நான்தான். உன்னைக் கேக்கவும் இல்ல. நீ சொன்னது சரி.

உன்ட சொல்லை நான் என்ட வாயால சொன்னா அது டிரக்டர்க்காரன்ட கதையாப் போயிருது. அதாலதான் கடிதத்தை எடுத்து வாசிச்சன். வேற ஒண்டும் இல்ல.

ஸமட் மச்சானுக்கும் எழுதியிருக்கிறன். புத்தகத்தை மறிக்கச் சொல்லி நான் கேக்கல்ல எண்டு.

ஆதம்பாவா

*

ஜுபைல்
1981 செப்டம்பர் 18

அன்பான ஹாஜறாவுக்கு,

இத்தனை மாசமா மகள்தான் எழுதுறாள். "வாப்பா, ஆடு குட்டி போட்டது. வாப்பா, கூரையைத் தூணில போட்டாங்க, பின்சுவர் கழுத்தளவுக்கு வந்தது. வாப்பா, உம்மா சுகம்." கையெழுத்து நல்லா வருது. நான் ஒண்டும் குறை சொல்லல்ல.

இது நீயே வாசிக்க வேண்டிய கடிதம். கார்த்திகையோட எங்கட ரெண்டு வருச அக்கிறிமெண்டு முடியுது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கொம்பனி தாறன் எண்டுது. சம்பளமும் கூட்டுறாங்க. போன கிழமை எல்லாரையும் ஒபீசுக்குக் கூப்பிட்டாங்க. மசூர் முதல் ஆளாப் போய்க் கையெழுத்து வெச்சான். சின்னப்போடி அண்ணனும் வெச்சார். பேனையை என்ட கையில தந்தாங்க. நான் வைக்கல்ல.

பேனையைப் பிடிச்சிட்டு யோசிச்சன். நான் இஞ்ச வந்தது கூரைக்கு. கூரை போட்டாச்சு. மறுகா பின்சுவருக்கு எண்டு இருந்தன். பின்சுவரும் ஊர்ல இருந்தே கட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு வந்திட்டு. அடுத்த ரெண்டு வருசம் எதுக்கு எண்டு என்னை நானே கேட்டன். சிவப்புச் சீமெந்து எண்டு வந்திச்சு. அது என்ட வயிறு சொன்னதும் இல்ல, தொண்டை சொன்னதும் இல்ல. ஸமட் மச்சான்ட தரை சொன்னது.

ஒபீசில இருந்த வெள்ளைக்காரன், "என்ன யோசிக்கிறாய்?" எண்டு கேட்டான். எனக்கு அறபும் சரியா வராது, இங்கிலீசும் வராது. "காபி" எண்டன். அறபில அது போதும் எண்ட சொல்லு. அவன் கோப்பி கேக்கிறன் எண்டு நினைச்சான். மசூர்தான் விளங்கப்படுத்தினான்.

வெளியில வந்ததும் சின்னப்போடி அண்ணன் தோளில கையைப் போட்டார். "எனக்குப் போதாது, தம்பி. ரெண்டு பொட்டைப்பிள்ளை இருக்கு, வயலும் சொந்தம் இல்ல. உனக்குப் போதும் எண்டாப் போ. பிழை இல்ல" எண்டார்.

கார்த்திகை கடைசியில வாறன்.

ஆதம்பாவா

*

நிந்தவூர்
1981 அக்டோபர் 10

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கு என்ன பைத்தியமா?

மகள் எழுதுவாள் எண்ட என்னை இந்தப் பேனையை எடுக்க வெச்சிட்டீங்க. உடன ஒபீசுக்குப் போங்க. காய்ச்சல்ல இருந்தன், யோசிக்காமச் சொல்லிட்டன் எண்டு சொல்லிக் கையெழுத்து வைங்க.

நான் சும்மா கேட்டன், மச்சான். அடுப்படியில குந்தியிருந்து கேட்டது. நான் "கடலுக்கு உசிர் இருக்கா" எண்டு கேட்டா, நீங்க கடலுக்குள்ள இறங்கிப் போய்க் கேப்பீங்களா? யோசிக்கிறது வேற, செய்யிறது வேற. புத்தகம் எழுதினவங்களும் கேட்டுப்போட்டுச் சோத்தைத் திண்டிட்டுப் படுத்திருப்பாங்க. யோசனையால ஒரு பலனும் இல்ல எண்டு நீங்கதான் முதல்ல எழுதினீங்க. அது சரிதான். இப்ப நானும் அதையே சொல்லுறன். சந்தோசமா?

உங்களுக்கு ஊர் தெரியாதா? சவூதியில வேலை எடுத்துக்கொடுக்கச் சொல்லி ஒரு கூட்டம், உங்களை அங்க அனுப்பிவிட்ட காக்காட வாசல்ல நிக்குது. கையில கிடைச்சதை நீங்க விட்டிட்டு வந்தா, ஆதம்பாவாட மூளை கெட்டிட்டு எண்டு ஆரும் சொல்லமாட்டாங்க. "அவள் படிச்ச புத்தகம் மாப்பிளையத் திருப்பிக் கொண்டு வந்திட்டு" எண்டுதான் சொல்லுவாங்க. நாளைக்குச் சுபைதா ஒரு புத்தகத்தைக் கையில எடுத்தாலும் அதைச் சொல்லித்தான் பறிப்பாங்க. நீங்க வாறது எனக்குச் சந்தோசம் இல்ல எண்டு நினைக்காதீங்க. பயமா இருக்கு.

ஹாஜறா

*

ஜுபைல்
1981 அக்டோபர் 30

அன்பான ஹாஜறாவுக்கு,

உன்ட கையெழுத்தைக் கவரில கண்டதும் மசூரும் சின்னப்போடி அண்ணனும் எழும்பி வெளிய போயிட்டாங்க. நான் ஒண்டும் சொல்லல்ல. தாங்களாவே போனாங்க.

ஒபீசுக்குப் போகல்ல. என்ட இடத்துக்கு வேற ஆள் எடுத்தாச்சு. எடுக்காட்டியும் போயிருக்க மாட்டன்.

நீ சும்மா கேட்டாய் எண்டு எழுதியிருக்கிறாய். ஓம், சும்மாதான் கேட்டாய். நான் பவுசர் ஓட்டிக்கொண்டு அதை ஒரு வருசத்துக்கு மேல யோசிச்சிருக்கிறன். மணலுக்குள்ள வேற என்ன இருக்கு பாக்க? நீ கேட்ட அண்டே நான் பெட்டியைக் கட்டியிருந்தா அது பைத்தியம். யோசிச்சது நீ, செஞ்சது நான். ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள நடந்தா அது எப்படி வேற வேறயாகும்?

பிழையாவும் இருக்கலாம். அடுத்த வருசம் மழை பெய்யாட்டி, டிரக்டர் கிடைக்காட்டி, நான் உன்னைத்தான் ஏசப்போறன். அதையும் இப்பவே சொல்லி வைக்கிறன். அக்கரைப்பற்றுப் போடியார் ஒராள்கிட்டப் புது டிரக்டர் இருக்காம், டிறைவர் தேடுறாராம். மசூர்ட மச்சினன் எழுதியிருக்கிறான்.

ஊர் சொல்லட்டும். ஆதம்பாவா அறபு நாட்டுக்குப் போய்த் தன்ட வயித்தோட கதைக்கப் பழகிட்டு வந்தான் எண்டு சொல்லட்டும்.

உனக்குப் பயம் எண்டு எழுதியிருக்கிறாய். எனக்கும் இருக்கு. அதை இதுல எழுத வரல்ல.

ஆதம்பாவா

*

நிந்தவூர்
1981 நவம்பர் 14

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க வெளிக்கிட முந்தி இது கிடைக்கோணும்.

நீங்க வாற செய்தியை நானே போய்க் காக்காவுக்குச் சொன்னன். மத்தவங்க வாயால கேக்கிறதை விட அது நல்லம் எண்டு நினைச்சன். அவர் கதிரையில இருந்து எழும்பிட்டார். "உன்ட எழுத்தாலதான் அவன் வாறான்" எண்டு கத்தினார். இல்ல காக்கா, கொம்பனியில ஆள் குறைக்கிறாங்க எண்டு சொல்ல யோசிச்சுக்கொண்டுதான் போனன். வழியெல்லாம் அதைத்தான் பாடமாக்கினன். ஆனா வாயைத் திறந்தா, "ஓம் காக்கா, என்ட எழுத்தாலதான்" எண்டு வந்திட்டு.

அவர் மறுகா கதிரையில இருந்தார். மதினி தேத்தண்ணி கொண்டுவந்து வெச்சா. குடிச்சு முடிச்சிட்டு, "பின்சுவருக்குச் சீமெந்து காணுமா?" எண்டு கேட்டார். காணாது, இன்னும் ரெண்டு மூடை வேணும் எண்டன். "அனுப்புறன்" எண்டார். அவர் மாறிட்டார் எண்டு நினைக்காதீங்க. நான் வாசலால வெளியில இறங்கக்குள்ள, "ரெண்டு பேரும் சேந்து பட்டினி கிடப்பீங்க" எண்டு சொன்னதும் கேட்டுது.

வாற வழியில றுகையாட வீட்டுக்குப் போனன். புத்தகம் வேணும் எண்டு கேட்டன். "உங்கட காக்கா?" எண்டு கேட்டா. "நான் கேக்கிறன்" எண்டன். பகல்ல, எல்லாரும் பாக்கத்தக்கதா, கையில பிடிச்சுக்கொண்டு றோட்டால நடந்து வந்தன்.

புத்தகத்தால என்ன பலன் எண்டு இனி ஆரும் கேட்டா என்ன சொல்லுற எண்டு எனக்குத் தெரியாது. ஒரு பலனும் இல்ல எண்டு சொன்ன என்ட கடிதம் உங்கட கையில இருக்கு. அது பயத்தில எழுதினது. ஆனா பலன் இருக்கு எண்டு அடிச்சுச் சொல்லவும் ஏலாது. நெல்லைப் போல அதை அளந்து காட்ட ஏலாது. பல பேரைப் போல நானும் வாசிக்காம இருந்திருந்தா நீங்க இன்னும் ரெண்டு வருசம் உழைச்சிருப்பீங்க, எங்கட தரையும் சிவப்பாகியிருக்கும். அதையும் கணக்கில எடுக்கத்தான் வேணும்.

நீங்க உங்கட பயத்தை எழுதல்ல. நான் எழுதுறன். ரெண்டு பேருக்கும் ஒரே பயம்தான் எண்டு நினைக்கிறன். நீங்க இங்க இருந்த காலத்தில நாம இப்படி ஒருநாளும் கதைச்சதில்ல. நெல்லு, மழை, டிரக்டர், புள்ளைட காய்ச்சல் எண்டுதான் கதைச்சம். அதுக்கும் சாப்பாட்டு நேரம் போதும். கடலுக்கு அங்கால நீங்க போன பிறகுதான் எனக்குக் கேக்க ஒராள் கிடைச்சார். நீங்க வந்திட்டா அந்த ஆள் போயிருவாரா? ஒரே வீட்டுக்குள்ள இருந்துகொண்டு ஆருக்குக் கடிதம் எழுத ஏலும்?

நீங்க வந்த அண்டைக்கு ஊர் முழுக்க வாசல்ல நிக்கும். அடுத்த நாளும் ஆரும் வருவாங்க. மறுகா சனம் குறைஞ்சு, மாமியும் தன்ட வீட்டுக்குப் போன பிறகு, நான் வந்து உங்களுக்குப் பக்கத்தில இருப்பன். இருந்து ஒண்டு கேப்பன். என்ன எண்டு இப்ப எழுதமாட்டன். உங்களுக்குப் பதில் தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்க. சிரிக்கிறதெண்டாலும் சிரிங்க.

எழும்பிப் போயிராதீங்க.

உங்கட
ஹாஜறா